அம்மாவின் அரைநாட்கள்

எங்கள் ஊரில் வயலுக்குப் போகிற பெண்களுக்கு மத்தியானத்தோடு நாள் முடிந்துவிடும். விடிந்ததும் இறங்கி நடுவார்கள், களை எடுப்பார்கள். வெயில் உச்சிக்கு வரும்போது கரையேறி, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அதை யாரும் அரைநாள் என்று சொல்லமாட்டார்கள். அதுதான் ஒரு நாள், அதற்குத்தான் ஒரு நாள் கூலி. என் அம்மாவும் கல்யாணமாகி வந்ததிலிருந்து அப்படித்தான் வேலை பார்த்தாள்.

வலங்கைமான் போகிற ரோட்டில் அந்த மில் வந்த பிறகுதான் சாயங்காலம் வரைக்கும் ஒரு வேலை உண்டு என்பதே எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரிந்தது. அது சாதாரண மில் இல்லை. கப்பலில் போகிற அரிசி அரைக்கிற மில். நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைக்கிற வேலையெல்லாம் கிடையாது, எல்லாமே மிஷின். நிறம் பார்த்து அரிசியைப் பிரிக்கிற மிஷின்கூட இருந்தது. அது விட்டதைப் பிடிக்கத்தான் நாங்கள். பெல்ட்டில் அரிசி ஓடும். இரண்டு பக்கமும் நின்று கருப்பரிசியையும் கல்லையும் பொறுக்குவோம். அம்மா முதலில் சேர்ந்தாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டில் இருந்த நான், பதினெட்டு வயது முடிந்ததும் அவளுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

வெளிநாட்டில் அரிசி வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பிச் சோதனை போடுவார்கள் என்பதால் அங்கே எல்லாம் சட்டப்படி இருந்தது. சேரும்போதே ஆர்டர் கொடுத்தார்கள். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் ஐந்து மணி வரை வேலை என்று தமிழிலேயே அதில் இருந்தது. நோய் வந்தால் வைத்தியம் பார்த்துக்கொள்ள இ.எஸ்.ஐ. கார்டும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அந்த கார்டுதான் பெருமை. அப்பா மலேசியாவுக்கு ஓட்டல் வேலைக்குப் போய், கொஞ்ச காலம் பேசிக்கொண்டிருந்து, பிறகு நம்பரை மாற்றிக்கொண்டவர். அவர் கொடுக்காத ஆதரவை இந்த கார்டு கொடுக்கிற மாதிரி அம்மா பேசுவாள். பூசைக்குப் போகும்போதுகூடப் பர்ஸில் மாதா படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருப்பாள்.

அம்மாவுக்கு நெஞ்சில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அப்படி ஆகிவிட்டதாம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். சீக்கிரமோ தாமதமோ ஆபரேஷன் செய்துதான் ஆகவேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவது எல்லாமே அந்த ஆபரேஷனைப் பற்றித்தான்.

ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால் மேனேஜர் பெல்ட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார், எல்லாரையும் அக்கா, அம்மா என்றுதான் கூப்பிடுவார். மழைக்காலம் வருகிறது, நெல் வரத்து இல்லை, அதனால் இனிமேல் நீங்கள் மத்தியானம் வரைக்கும் வந்தால் போதும் என்றார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வாயைத் திறந்தது. அது என் அம்மாவோடு ஒன்றாக நடவுக்குப் போன ஆள், மில்லுக்கும் ஒன்றாக வந்த ஆள்.

"மத்தியானத்தோட விட்டுர்றீங்களா? நெசமாவா சார்?"

"நெசமாத்தாங்க்கா."

"அண்ணி, கேட்டியா? ஜெயில்லேருந்து விட்டுட்டாங்க."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம். மத்தியானத்துக்கு மேல் அம்மா படுத்து எழுந்திருக்கலாம், மூச்சு வாங்காது என்று நினைத்தேன். சம்பளம் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. மத்தியானத்தோடு கரையேறினாலும் ஒரு நாள்தானே எங்களுக்கு. மேனேஜரும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை அன்றைக்கு மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். நாங்கள் மாதா கோயில் ஆட்கள் என்றாலும் பொரிகடலை எல்லாருக்கும்தான். எதிர்வீட்டு அத்தை யோசனை சொல்லி, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு துண்டும் வாங்கி வந்தார்கள். பண்ணையில் நல்லது செய்தவருக்கு அப்படித் தட்டு வைப்பது பழக்கம். வயதில் மூத்தவள் என்று அம்மா கையில் தட்டைக் கொடுத்தார்கள். அம்மா முதலாளியிடம் அதை நீட்டினாள். முதலாளி வாங்கிக்கொண்டு கைகூப்பினார். மேனேஜர் போனில் படம் எடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே, என் சீலை நல்லா இருந்துச்சா என்று கேட்டாள்.

மாதம் முடிந்து சம்பளம் வந்தபோதுதான் பாதி என்று தெரிந்தது. தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆபீசுக்குப் போய்ச் சொன்னால் திருத்திவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டேதான் போனோம். மேனேஜர் ஆச்சரியப்பட்டார். பாதி நேர வேலைக்குப் பாதிதானே அக்கா, நீங்கள்தானே சந்தோஷமாக ஒத்துக்கொண்டீர்கள் என்றார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தது. மேனேஜர் விடவில்லை. தை மாதம் வரைக்கும் பொறுங்கள், அறுப்பு முடிந்து நெல் வந்துவிடும், பழையபடி ஆக்கிவிடலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பொறுத்தோம். எங்களுக்குப் பொறுப்பது புதிது இல்லை. மற்ற பெண்கள் மத்தியானத்தில் மில்லிலிருந்து நேராக வயலுக்குப் போக ஆரம்பித்தார்கள். சம்பாவில் களை எடுக்க ஆள் கிடைக்காமல் தவித்த நேரம் அது. அம்மாவும் போனாள். வேண்டாம் என்று சொன்னேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்கத்தான் செய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வரிசை எடுப்பாள், வரப்பில் உட்காருவாள், மறுபடி இறங்குவாள். கூட இருப்பவர்கள் அவள் பங்கையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அத்தை அவளைக் கேலி செய்யும். "எங்கண்ணி மேஸ்திரி மாதிரி வரப்புல உக்காந்து எங்கள மேய்க்கிறா பாருங்கடி."

தை வந்தது. அறுப்பு முடிந்து மில் வாசலில் நெல் லாரி வரிசையாக நின்றது. எங்களை மட்டும் மத்தியானத்தோடு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வரத்துதான் வந்துவிட்டதே என்று கேட்டால், ஈரம் ஜாஸ்தி, காயவேண்டும் என்றார் மேனேஜர். நம்பினோம்.

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன். அம்மாவுக்குக் கஞ்சி எடுத்துப்போகிற டப்பா அது ஒன்றுதான். சாயங்காலம் திரும்பப் போனேன். கேட்டுக்கு வெளியே நிற்கும்போதே பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்டது. வாட்ச்மேன் தெரிந்தவர், எடுத்துக்கொண்டு ஓடிவா என்று விட்டார். உள்ளே போனால் எங்கள் இடத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். அம்மா நிற்கிற இடத்தில் ஒருவர், நான் நிற்கிற இடத்தில் ஒருவர். எல்லாரும் ஆண்கள், வடக்கத்திக்காரர்கள். தலையில் நாங்கள் போடுகிற அதே நீலத்தொப்பி.

நான் அப்படியே நின்றுவிட்டேன். என்ன பார்க்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. அம்மா இடத்தில் நின்ற மனிதர் என்னைப் பார்த்துவிட்டு, குனிந்து பெல்ட்டுக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினார். கழுவி வைத்திருந்தார்.

"அக்கா, சாப்பாடு உங்களது?"

தலையாட்டினேன். அவருக்கும் அதற்கு மேல் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. பின்னால் ஷெட்டில் அவர்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது. அங்கேயேதான் தங்குகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். காண்ட்ராக்ட் ஆள் மூலமாக வந்தவர்களாம். மத்தியானத்தில் ஆரம்பித்து அரிசி இருக்கும்வரை நிற்பார்களாம். இ.எஸ்.ஐ. கிடையாது, ஆர்டர் கிடையாது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து என்றார்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தெருவிலேயே பாதி ஆண்கள் சிங்கப்பூரிலும் துபாயிலும் யாரோ ஒருவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். ஆனால் அந்த நெல் வரத்துக் கதை. மழை, ஈரம், காயவேண்டும் என்று முகத்தைப் பார்த்துச் சொன்னாரே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, கழுவிக் குடுத்திருக்காங்களே, நல்ல புள்ள என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் எல்லாரும் சேர்ந்து கேட்டோம். மேனேஜர் இந்த முறை பொய் சொல்லவில்லை. அது கம்பெனி முடிவு, பிடித்தால் இருங்கள், இல்லாவிட்டால் உங்கள் இஷ்டம் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அக்கா என்றுதான் சொன்னார். வேலையை விட்டுவிடலாம் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அம்மா விடமாட்டேன் என்றாள். கார்டு போய்விடும் என்பதுதான் காரணம். பாதி நாள் ஆனாலும் கார்டு ஓடும், ஆபரேஷன் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம் என்று அவள் கணக்கு போட்டிருந்தாள்.

வெயில் காலத்தில் அம்மாவின் கால் வீங்க ஆரம்பித்தது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தள்ளிப்போடக்கூடாது என்றார். இங்கே ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் நிறைய, உங்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. இருக்கிறதே, அது வழியாகப் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கிக்கொண்டால் சீக்கிரம் ஆகிவிடும் என்று சொன்னார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தியா என்பதுபோல ஒரு பார்வை. கார்டு இருக்கும் பர்ஸைத் தட்டிக் காட்டினாள்.

ஆடி மாதம் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போனோம். அங்கிருந்த டாக்டர் எல்லாம் பார்த்து, ஆபரேஷனுக்கு எழுதுகிறேன் என்று சொல்லி, முதலில் கவுண்டரில் கேட்டு வாருங்கள் என்று அனுப்பினார். கவுண்டரில் ஒரு அம்மா கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார். மறுபடி தட்டினார். அப்புறம் என் அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மாத்திரை வாங்கிக்கலாம்மா. பெரிய ஆபரேஷனுக்கு எலிஜிபிள் இல்லன்னு வருது. போன ஐப்பசியிலேருந்து பங்குனி வரைக்கும் வேலை பார்த்த நாள் பத்தல."

"எங்கம்மா ஒரு நாள்கூட லீவு போடலீங்க."

"மில்லுலேருந்து ஏத்துனதுதாங்க இங்க வரும். மாசத்துல பாதி நாள்தான் ஏத்திருக்காங்க."

புரியவில்லை. பாதி நேரம்தானே குறைத்தார்கள். நாள் எப்படிப் பாதியாகும். அந்த அம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். இரண்டு அரைநாளைச் சேர்த்து ஒரு நாள் என்று மில்லில் போட்டுவிட்டார்கள் போல. ஒருவர் கொஞ்ச நேரம் வந்தாலும் அது வேலைக்கு வந்த நாள்தான், அப்படிப் போட்டது தப்பு, மில்லில் சொல்லித் திருத்தச் சொல்லுங்கள், திருத்தினால் எங்களுக்கு இங்கே தெரிந்துவிடும், உடனே எழுதிவிடுவார்கள் என்றார். பின்னால் நின்ற ஆள் கொஞ்சம் நகருங்கள் என்றார். நகர்ந்தோம். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கார்டில் ஒன்றும் மாறவில்லை. அதே போட்டோ, அதே நம்பர்.

விடிந்து எழுந்து, சோறாக்கி, மூச்சு வாங்க நடந்து, பெல்ட்டில் நின்றாளே, அத்தனை நாளில் பாதியை யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். நான் எதிரே நின்று பார்த்த நாட்கள். என் கண் முன்னால் நடந்த நாட்கள்.

மேனேஜரிடம் போனேன். அது மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார். அடுத்த வாரம் போனேன். கேட்டிருக்கிறேன் என்றார். அதற்கடுத்த முறை அவர் அறைக்குள்ளேயே விடவில்லை.

மாமாதான் லேபர் ஆபீசுக்குப் போகலாம் என்றார். அம்மாவின் தம்பி. சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கும் இப்படி நடந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் எழுதிய வேலையைக் கொடுக்காமல் வாரத்தில் பாதி நாள் ரூமில் உட்கார வைத்திருந்தார்களாம். கூட இருந்த பங்களாதேஷ்காரர் அழைத்துப்போய் அரசாங்க ஆபீசில் எழுதிக்கொடுத்திருக்கிறார், முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"அசலூர்லயே கேட்டாங்க. நம்ம ஊர்ல கேக்க ஒரு ஆபீசு இல்லாமலா இருக்கும்? வா பாப்பா, போய்க் கேப்போம். என்னா, அடிச்சா வெரட்டப்போறான்?"

அடித்து விரட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள். ஆபீசர் கண்ணாடி போட்ட மனிதர், வேகமாகப் பேசமாட்டார். அம்மாவின் ஆர்டரைப் படித்தார். எட்டிலிருந்து ஐந்து வரை என்ற இடத்தில் பேனாவால் தொட்டுப் பார்த்தார். நேரத்தைக் குறைப்பதற்கு முன்னால் எழுத்தில் ஏதாவது நோட்டீஸ் கொடுத்தார்களா, போர்டில் ஒட்டினார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். வேலை நேரத்தை மாற்றுவதென்றால் மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நோட்டீஸ் கொடுத்திருக்கவேண்டும், நீங்கள் மறுப்புச் சொல்ல இடம் கொடுத்திருக்கவேண்டும், வாயால் சொல்லிவிட்டு மறுநாளே மாற்றமுடியாது என்றார். நிஜமாகவே வேலை இல்லை என்றாலும் அதற்கும் ஒரு முறை இருக்கிறது, வீட்டுக்கு அனுப்புகிற நேரத்துக்குப் பாதியாவது கொடுக்கவேண்டும் என்றார். இங்கே வேலை இருந்திருக்கிறது, வேறு ஆளை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டமெல்லாம் இருந்திருக்கிறது. ஆயுத பூஜை அன்றைக்கும் இருந்திருக்கிறது. நாங்கள் தேங்காய் வாங்கக் கடைக்குப் போனபோதும் இருந்திருக்கிறது. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

அம்மா பேரில் மனு எழுதிக்கொடுத்தோம். மற்ற பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் தடவை கூப்பிட்டபோது அம்மாவும் வந்தாள். மாடியில் ஆபீஸ். இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். மில்லிலிருந்து யாரும் வரவில்லை. மத்தியானம் வரை காத்திருந்தோம். ஆபீசர் வேறு தேதி போட்டுக்கொடுத்து, அம்மா நீங்கள் அடுத்த தடவை அலையவேண்டாம், மகள் வந்தால் போதும் என்றார். அம்மா கும்பிட்டாள்.

ஆவணியில், ஒரு மத்தியானம், மில் விட்டு வந்து சோறு வடித்து வைத்துவிட்டு அம்மா கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, அந்த ஃபேன கொஞ்சம் கூட்டி வையேன்."

ஈரக்கையோடு வந்து கூட்டி வைத்தேன். துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்து, சாப்பிடலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. தூங்குகிறாள் என்று நினைத்து நான் தட்டைப் போட்டுவிட்டேன். இரண்டு தட்டு. குழம்பு ஊற்றிவிட்டுத்தான் அவளைத் தொட்டேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர் பார்த்துவிட்டு, மெதுவாகத் துணியை இழுத்து மூடினார். வாசலில் கூட்டம். அந்த நேரத்தில் மில்லில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்திருக்கும். சட்டப்படி அவள் அங்கே எனக்கு எதிரே நின்றிருக்கவேண்டிய நேரம். நின்றிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அது தெரியாது. ஆபரேஷன் ஆகியிருந்தால் பிழைத்திருப்பாள். அது எனக்குத் தெரியும், டாக்டரம்மா சொன்னார்.

கல்லறையில் வைக்கும்போது படம் வேண்டும் என்று கேட்டார்கள். வீட்டில் அம்மா படம் என்று எதுவும் இல்லை. கார்டில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கினோம். முகம் கலங்கிப்போய், யாரோ மாதிரி இருந்தது.

முப்பதாம் நாள் பூசை முடிந்து சில நாளில் ஆபீசர் போட்டுக்கொடுத்த அடுத்த தேதி வந்தது. இந்த முறை மேனேஜர் வந்திருந்தார், கூட ஒரு வக்கீல். என்னைப் பார்த்ததும் மேனேஜர் எழுந்து நின்றார். அம்மா விஷயம் கேள்விப்பட்டேன், மனசுக்குக் கஷ்டமாகப்போச்சு என்றார். மாமா சரிங்க என்றார்.

நேரத்தைக் குறைத்தது தொழிலாளர்கள் சம்மதத்தோடுதான், அவர்களே விரும்பிக் கேட்டுக்கொண்டார்கள் என்று வக்கீல் ஆரம்பித்தார். அதற்கு என்ன ஆதாரம் என்று ஆபீசர் கேட்டார். மேனேஜர் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

அம்மா. கையில் தட்டு. தேங்காய், பழம், துண்டு. சிரிக்கிறாள். பச்சைச் சீலை. எங்கள் எல்லாருக்கும் முன்னால் நிற்கிறாள், பக்கத்தில் அத்தை பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. அவ்வளவு தெளிவான படம். காதில் இருக்கிற கம்மலின் கல் கூடத் தெரிந்தது.

அந்தப் படம் இருக்கிறது என்பதையே நான் மறந்துபோயிருந்தேன். கல்லறைக்கு வைக்க ஒரு படம் இல்லாமல் நாங்கள் அலைந்தபோது, அது இவர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுக்கக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் விடவில்லை.

"இத எனக்கு அனுப்புங்க சார்."

மேனேஜருக்கு முகம் என்னவோ ஆகிவிட்டது. அனுப்புறேம்மா என்றார். ஆபீசர் வக்கீலைப் பார்த்துச் சொன்னார்.

"தட்டு வச்சு மரியாதை பண்ணதெல்லாம் சம்மதம் ஆவாதுங்க. நோட்டீஸ் குடுத்தீங்களா, அதச் சொல்லுங்க."

கொடுக்கவில்லை. வக்கீல் ஏதேதோ சொல்லிப்பார்த்தார். ஆபீசர் கடைசி வரைக்கும் அதையேதான் திரும்பக் கேட்டார். நான் தீர்ப்பு சொல்கிற ஆள் இல்லை, பேசி முடித்துவைக்கிற ஆள்தான், நீங்கள் முடிக்காவிட்டால் மேலே எழுதி அனுப்பிவிடுவேன், பிறகு கோர்ட்டு, உங்கள் மில்லுக்கு வெளிநாட்டுக்காரர் சோதனைக்கு வரும்போதும் இது தெரியும் என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் மேனேஜர் எழுந்து வெளியே போனார். முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்து, மறு வாரத்திலிருந்து பழைய நேரம், குறைத்ததையும் பேசித் தீர்த்துவிடலாம் என்றார். மாமா என் தோளைத் தொட்டார். வெளியே நின்ற அத்தையிடம் போய்ச் சொல்ல அவருக்கு அவசரம்.

இறந்துபோனவர் மனுவை என்ன செய்வது என்று ஆபீசர் கேட்டார். முடித்துவிடலாமா என்று என்னைத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன். குரல் சத்தமாக வந்துவிட்டது.

"எங்கம்மா வேலைக்கு வந்தாங்க சார். அந்த நாள எல்லாம் முழுசா ஏத்தணும்."

இனிமேல் அதனால் என்ன பிரயோஜனம் என்று வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். ஏத்தணும் என்று மறுபடி சொன்னேன். ஆபீசர் மேனேஜரைப் பார்த்தார். செய்து கொடுங்கள் என்றார்.

மேனேஜர் அங்கேயே உட்கார்ந்து மில் ஆபீசுக்குப் போன் போட்டார். அம்மாவின் நம்பரைச் சொன்னார். ஐப்பசியிலிருந்து அரை அரையாகப் போட்டதை முழு நாளாக மாற்றி ஏற்றி அனுப்பு என்றார். ஆமாம், எல்லாம் என்றார். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பியூன் எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். நான் டம்ளரைத் தொடவில்லை, ஆவி போய்க்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது.

"ஏத்தியாச்சும்மா. அனுப்பிட்டாங்க."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஏதோ இருக்கிறது, எங்காவது போகவேண்டும், யாராவது கையெழுத்துப் போடவேண்டும் என்று நினைத்தேன்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதாம்மா."

"இத ஆடியில செஞ்சிருக்கலாமே."

அவர் போனைத் துடைத்தார். வக்கீல் பையை மூடினார். காகிதம் பறக்கிறது என்று ஆபீசர் ஃபேனைக் குறைக்கச் சொன்னார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மாமா திரும்பி வந்து பார்த்தபோது நான் மட்டும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்ன பாப்பா, வா என்று கையைப் பிடித்துத் தூக்கினார். அவர் தூக்கிக்கொண்டுதான் படியிறங்கினார்.